மைக்கக்காவின் ஒரே நேயர்

பத்தொன்பது வருஷமாக ஒருத்தி ஒரே ஊருக்குத் தினமும் நல்லதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த ஊர் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டுமா, வேண்டாமா? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள். பேருந்து நிலையத்து அறிவிப்புக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறாளே மைக்கக்கா, அவளைத்தான் சொல்கிறேன். மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு நாற்காலி, முட்டி இடிக்கும் மேசை, அதன்மேல் மைக். காலை ஐந்தரைக்கு உள்ளே போனால் மதியம் ஒன்றரைக்குத்தான் வெளியே வருவாள். "பதினேழாம் நம்பர் பேருந்து மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது." இவ்வளவுதான் வேலை. இதைச் சொல்லி வாய் மூடுமுன் கண்ணாடியில் இருக்கிற ஓட்டைக்கு நேராக ஒரு தலை வரும். "ஏம்மா, பதினேழு எங்க நிக்கும்?" என்று கேட்கும்.

ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பத்தொன்பது வருஷம். வேறு யாராவது என்றால் மைக்கைப் பிடுங்கி அந்தத் தலைமேலேயே போட்டிருப்பார்கள். மைக்கக்கா போடவில்லை. ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடிகிறபோது விடியட்டும் என்று இருந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. அவள் வீட்டுக்காரரிடம் திடீரென்று கேட்டால் அவருக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். அவர் லேத் பட்டறையில் முப்பது வருஷமாக இரும்பு கடைகிறவர். காது பாதி போய்விட்டது. அந்தக் குடும்பத்தில் சண்டை சச்சரவே வராததற்கு அதுதான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் ஊடகம், தொடர்பியல், பண்பாடு என்று மூன்றையும் சேர்த்து ஒரே படிப்பாகப் படிக்கிறாள். வீடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது தெரு. நிலையத்துக் கூரைமேல் இருக்கிற ஒலிபெருக்கிகளில் ஒன்று சரியாக அவள் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. "அது ஒரு பக்கம் கத்திட்டு இருக்கும். எனக்கு ஒண்ணும் கேக்காது. பழகிப்போச்சு" என்பாள். வீட்டுக்குள் அம்மா நேரில் பேசினாலும் அவளுக்குக் கேட்காது. அதுவும் பழகிப்போச்சு.

மகளுடைய விண்ணப்பம் ஒன்றைக் கொடுக்கப் போன இடத்தில்தான் மைக்கக்கா அந்த அறிவிப்பைப் பார்த்தாள். அதே படிப்பு, மாலை நேர வகுப்பு, வயது வரம்பு இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தொடர்பியலா? மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கப் போகிறார்களா? பத்தொன்பது வருஷ அனுபவசாலி உள்ளே நுழைந்தால் வாத்தியார்களே எழுந்து நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். வேற ஏதாவது படி. தோட்டக்கலை படியேன்."

"நமக்குத் தோட்டமே இல்லையேடி."

"ஊடகம் மட்டும் இருக்கா?"

"தினமும் எட்டு மணி நேரம் அது முன்னாடிதான்டி உக்காந்திருக்கேன்."

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருவரும் முன்பின் தெரியாதவர்கள். மைக்கக்கா ஒப்பந்தத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினாள். நூலகத்தில் மகளைத் தோழிகளோடு பார்த்தபோது கையெடுத்துக் கும்பிட்டு, "வணக்கம் சீனியர்" என்றாள். மகள் அன்று வீட்டில் சாப்பிடவில்லை.

முதல் வகுப்பை எடுத்தவர் துறைத் தலைவர். எதைச் சொன்னாலும் கட்டம் போட்டு அம்பு விடுவார், அதனால் பிள்ளைகள் அவருக்கு அம்புக்குறி சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். பலகையில் ஒரு கட்டம் போட்டார், "சொல்பவர்" என்று எழுதினார். தள்ளி இன்னொரு கட்டம், "கேட்பவர்." நடுவே ஓர் அம்பு. அம்பின்மேல் கோழி கிளறியது போலக் கோடுகளைக் கிறுக்கி, "இதுதான் இரைச்சல்" என்றார்.

"சத்தம் இருக்கும், ஆனா யாருக்கும் போய்ச் சேராது. இதுக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாணவி அருமையான உதாரணம் சொன்னாங்க. அதைவிட நல்லதா இன்னும் எனக்குக் கிடைக்கல. வருஷா வருஷம் அதைத்தான் சொல்றேன். என்ன தெரியுமா? பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. இரண்டாவது பெஞ்சிலிருந்து மைக்கக்கா எழுந்தாள்.

"சார், அது நான்தான்."

"எது நீங்க?"

"அந்த இரைச்சல்."

சிரிப்பு அடங்கியது. அம்புக்குறி சாருக்கு முகம் சுண்டிப்போனது. நல்ல மனுஷர்தான், ஆனால் போட்ட கட்டத்தை அழிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க குரல் ஒருத்தருக்காவது போய்ச் சேருதுன்னு காட்டுங்க. உங்க அறிவிப்பைக் கேட்டு, அதனால ஒரு காரியம் செஞ்ச ஒரே ஒரு ஆள். அதையே உங்க கள ஆய்வா வச்சுக்குங்க. நான் உதாரணத்தை மாத்திக்கறேன்" என்றார்.

மைக்கக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பருவம் முடியறதுக்குள்ள ஒரு ஆளைக் கொண்டுவந்து இங்க நிறுத்தறேன். இல்லேன்னா இதே இடத்துல நின்னு, நான் வெறும் இரைச்சல்தான்னு மைக் இல்லாமலே சொல்லிட்டுப் படிப்பை விட்டுட்டுப் போயிடறேன்" என்று சபதம் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் யோசித்தாள். ஊருக்கே சொல்கிறவளுக்கு ஒரே ஓர் ஆளா கிடைக்கமாட்டான்? தைரியமாகத்தான் கேட்டுக்கொண்டாள். ஆனால் கண்ணாடி ஓட்டையில் வந்த பத்தொன்பது வருஷத் தலைகளும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

முதலில் கேள்வித்தாள் அடித்து, வேலை முடிந்த பிறகு நடைமேடை நடைமேடையாக அலைந்தாள். இருநூறு பேர். "அறிவிப்புகளைக் கேட்கிறீர்களா?" என்ற கேள்விக்கு இருநூறு பேரும் ஆமாம் என்றார்கள். "கடைசியாக என்ன அறிவித்தார்கள்?" என்பது அடுத்த கேள்வி. நூற்றுத் தொண்ணூறு பேர், "பஸ் லேட்டுன்னாங்க" என்றார்கள். அவள் தன் ஆயுளில் அந்த வார்த்தையை மைக்கில் சொன்னதே கிடையாது, சொல்லக்கூடாது என்று மேலிட உத்தரவு. மீதிப் பத்தில் ஒன்பது பேர் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் நிதானமாக யோசித்து, "அந்த ஆம்பளை நல்லாத்தான் பேசறார், கொஞ்சம் மெதுவாப் பேசலாம்" என்று எழுதிக் கொடுத்தார்.

சரி, சொன்னதையே சொன்னால் யார்தான் கேட்பார்கள், புதிதாக ஏதாவது சொல்லிப் பார்ப்போம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு, பதினேழாம் நம்பரை அறிவித்த கையோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு சேர்த்துச் சொன்னாள். "பயணிகளின் கவனத்திற்கு. நான்காவது நடைமேடையில் ஒட்டகம் ஒன்று தனியாக நிற்கிறது. உரியவர் உடனே வந்து அழைத்துச் செல்லவும்."

நான்காவது நடைமேடையில் ஒருவர் கொட்டாவி விட்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடி ஓட்டையில் தலை வந்தது. மைக்கக்கா ஆசையோடு எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, பதினேழு போயிடுச்சா?" என்றது தலை.

பத்து மணிக்கு டீ கொண்டுவந்த டீக்கடைக்காரரிடம் நாசூக்காக விசாரித்தாள். "அண்ணே, ஒட்டகத்தைப் பத்தி யாராவது பேசிக்கிட்டாங்களா?"

"எந்த ஒட்டகம்?" என்றார் அவர்.

நோட்டில் தேதியும் நேரமும் குறித்து, "கேட்டவர்: யாரும் இல்லை" என்று எழுதி வைத்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். அவள் விஷயத்தில் ஊரே செவிடு, அவள் புருஷன் மட்டும்தான் அதற்குச் சான்றிதழ் வைத்திருந்தார்.

பருவம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. மைக்கக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியாக ஒரு யோசனை உதித்தது. பேசினால் கேட்பவர் யார் என்று தெரியவில்லை. பேசாமல் இருந்து பார்த்தால்? கரண்டு போனால்தானே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது என்றே நமக்குத் தெரிகிறது! ஒரு நாள் முழுக்க மைக்கை அணைத்துவிட்டு வாயை மட்டும் அசைப்பது. எவனாவது தவித்துக்கொண்டு ஓடிவருவான் அல்லவா, அவன்தான் ஆள். அம்புக்குறி சாருக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. பஸ்ஸெல்லாம் நேரப்பலகையில் இருக்கிறதே, மோசம் ஒன்றும் வராது என்று தாடையைச் சொறிந்துகொண்டார். கள ஆய்வு அனுமதிப் படிவத்தை எடுத்தார். "இந்த ஆய்வினால் எவருக்கும் எந்தப் பாதிப்பும் நேராது என உறுதி கூறுகிறேன்" என்ற வரிக்குக் கீழே தானே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமை. ஐந்தரைக்குக் கூண்டுக்குள் போனாள். சுவிட்சை அணைத்தாள். கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று ஒவ்வொரு பேருந்துக்கும் நேர்மையாக வாயை அசைத்தாள். ஐந்து நாற்பது, ஆறு, ஆறரை, ஏழு இருபது. ஓர் அறிவிப்பையும் விடவில்லை. அவள் கடமை தவறாதவள்.

ஒருவரும் தவிக்கவில்லை. பேருந்துகள் வந்தன, ஜனங்கள் ஏறினார்கள், பேருந்துகள் போயின. சொல்லப்போனால் மற்ற நாட்களைவிடக் கூட்டம் சுளுவாகக் கலைந்தது. எட்டரைக்கு டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிவிட்டு, "இன்னைக்குக் குரல் கணீர்னு இருக்கேக்கா, தொண்டைக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார். ஒன்பதேகாலுக்கு நிலைய மேலாளர் வந்தார். அவர் யாரையும் பாராட்டியதாக வரலாறே இல்லை. கண்ணாடியைத் தட்டி, "இன்னைக்குத்தான்மா அறிவிப்பு தெளிவா இருக்கு. இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கண்ணில் தண்ணீர் முட்டியது. வெட்கமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, "ஐயா, தாங்கள் போட்ட கட்டம் சரி. நான் படிப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று எழுதத் தொடங்கினாள். "விலகி" வரை எழுதியிருப்பாள்.

கண்ணாடி ஓட்டையில் ஒரு தலை வந்தது.

வாராத தலை. தலையணை மடிப்பு கன்னத்தில் அப்படியே பதிந்திருந்தது. ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் அப்பாவின் செருப்பு.

"ஏம்மா நீ கத்தல?" என்றாள் மகள்.

"என்னடி?"

"ஏன் கத்தலன்னு கேக்கறேன்! பதினேழு ஏன் சொல்லல? தினமும் ஏழு இருபதுக்குச் சொல்லுவல்ல? இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு?"

மைக்கக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீ அலாரம் வெச்சுத்தானேடி எந்திரிப்ப?"

"அலாரம் ஆறு மணிக்கு அடிக்கும், நான் அமுக்கிட்டுத் தூங்கிடுவேன். நீ பதினேழுன்னு சொன்னாத்தான் எனக்கு முழிப்பே வரும். இன்னைக்கு ஒன்பது மணிக்கு எனக்குக் கடைசி வாய்மொழித் தேர்வும்மா! இப்ப மணி என்ன பாரு!"

மணி ஒன்பது நாற்பது.

மைக்கக்காவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் வாயெல்லாம் பல்லாயிற்று. கிடைத்துவிட்டது! கேட்பவர் ஒருவர்! அதுவும் தன் வயிற்றிலேயே பிறந்து, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டிருந்திருக்கிறது! அடுத்த நொடியே தலையில் அடித்துக்கொண்டாள். ஐயையோ, தேர்வு போச்சே!

"சிரிக்கிறியா நீ?" என்று மகள் அழுதாள்.

"சிரிக்கலடி! அழறேன்! ரெண்டும் சேர்ந்து வருது, நான் என்ன செய்யட்டும்?"

கூண்டைப் பூட்டினாள். மேலாளரிடம் போய் அவசரம் என்றாள், அவர் கேள்வி கேட்குமுன் ஓடிவிட்டாள். பத்து மணிப் பதினேழாம் நம்பரில் தாயும் மகளும் ஏறி உட்கார்ந்தார்கள். வழி முழுக்க ஒருத்தி பேசவில்லை, இன்னொருத்தி பேசினதை நிறுத்தவில்லை.

அம்புக்குறி சார் அறையில் மகள் தூங்கிவிட்டதைச் சொன்னாள். அவர் கையை விரித்தார். "விதி விதிதான்மா. தேர்வுக்கு வரலேன்னா ஆறு மாசம் கழிச்சுத்தான் மறுபடி. தூங்கிட்டேன்னு சொன்னா நான் என்ன செய்யறது?"

அப்போதுதான் மைக்கக்கா உள்ளே நுழைந்து நோட்டை மேசைமேல் வைத்தாள்.

"சார், ஆளைக் கொண்டுவந்துட்டேன்."

"எந்த ஆளை?"

"கேட்பவர் சார். இதோ நிக்குது. நான் பேசலை, அதனால எந்திரிக்கலை. பேசியிருந்தா எந்திரிச்சிருக்கும். என் மகள்."

ஒப்பந்தம் அந்த இடத்தில் உடைந்தது. அம்புக்குறி சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்க உங்க பொண்ணா? எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றவர், கொஞ்சம் சுதாரித்துக்கொண்டு, "அப்படி இருந்தாலும் ஆதாரம் வேணும்மா. தேர்வைத் தவறவிட்ட பிள்ளை எந்தக் காரணம்னாலும் சொல்லும். நிஜமாவே காதுல விழுதுன்னு எப்படி நம்பறது?" என்றார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"சார், மூணு வாரத்துக்கு முன்னாடி, ஒரு செவ்வாய்க்கிழமை. நாலாவது நடைமேடையில ஒட்டகம் தனியா நிக்குது, உரியவர் வந்து கூட்டிட்டுப் போகவும்னு அம்மா சொன்னாங்க. தூக்கத்துலயே சிரிச்சு, கட்டில்லருந்து விழுந்துட்டேன்."

மைக்கக்கா நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள். தேதி, நேரம், ஒட்டகம், எல்லாம் அப்படியே இருந்தது. "கேட்டவர்: யாரும் இல்லை" என்பதை அங்கேயே அடித்தாள்.

"அடிப்பாவி, அதை ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, கேக்குதுன்னு உனக்குத் தெரிஞ்சுடுமே!"

அம்புக்குறி சார் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். மகளை உற்றுப் பார்த்தார். "இரு இரு. முதல் வருஷம், முதல் வகுப்பு, ஜன்னலோரம். இரைச்சலுக்கு உதாரணமா பஸ் ஸ்டாண்ட் அறிவிப்புன்னு சொன்னது... நீதானே?"

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! மகள் திருதிருவென்று விழித்தாள். மைக்கக்கா மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன் சார்" என்றாள் மகள். பிறகு சாரைப் பார்க்காமல், அம்மாவையும் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு நல்லாவே கேக்கும். சின்னப் புள்ளையிலருந்து அதைக் கேட்டுத்தான் எந்திரிக்கறேன்."

மைக்கக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆனால் மைக்கக்கா லேசுப்பட்டவள் அல்ல. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நோட்டுக்குள்ளிருந்து இன்னொரு காகிதத்தை உருவினாள். அனுமதிப் படிவம். "சார், எவருக்கும் எந்தப் பாதிப்பும் நேராதுன்னு உறுதி கூறியிருக்கீங்க. கீழ ஒரு கையெழுத்து இருக்கு. யாருதுன்னு கொஞ்சம் பாருங்களேன்."

அம்புக்குறி சார் பார்த்தார். ஆய்வை ஏற்றுக்கொள்ளாவிட்டால் போட்ட சவாலுக்குப் பேச்சு மாறிய ஆள் ஆவார். ஏற்றுக்கொண்டால், ஒரு மாணவி தேர்வைக் கோட்டைவிட்டது அவர் கையெழுத்தால் என்று ஆகிவிடும். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் கட்டத்துக்குள் அடைத்த மனுஷர், தானே நடுக்கட்டத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணி. மறுதேர்வு" என்றார் மகளிடம். பிறகு மைக்கக்காவிடம், ஏறக்குறைய கெஞ்சுகிற குரலில், "நாளைக்கு மட்டும் மைக்கை மறக்காமப் போடுங்கம்மா" என்றார்.

மறுநாள் மைக்கக்கா ஐந்து மணிக்கே கூண்டுக்குள் இருந்தாள். சுவிட்சை ஏழு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மகளை எழுப்ப வீட்டுக்காரரும் இல்லை, பட்டறைக்குப் போய்விட்டார்; இருந்திருந்தாலும் அறிவிப்பு அவர் காதில் விழாது. ஏழு இருபது ஆயிற்று. மைக்கில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பதினேழாம் நம்பர் பேருந்து மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது."

சொல்லிவிட்டாள். ஆனால் பெற்ற மனசு கேட்கிறதா? எழுந்திருப்பாளா? நேற்றைய அழுகையில் அசந்து தூங்கிவிட்டால்? இன்றைக்கும் போனால் ஆறு மாசம்! வாயை மைக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வீட்டில் கதவைத் தட்டுகிற அதே குரலில் ஒரு கத்துக் கத்தினாள்.

"அடியே, எந்திரி! மணி ஏழு இருபது! எந்திரின்னா எந்திரி!"

பேருந்து நிலையம் எழுந்து நின்றது.

பொய் சொல்லவில்லை. நான்கு நடைமேடைகளிலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், பையும் குடையும் கையுமாகச் சடாரென்று எழுந்து நின்றார்கள். டீக்கடைக்காரர் முக்காலியை விட்டு எழுந்தார். நிலைய மேலாளர் தன் அறையில் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டது கண்ணாடி வழியே தெரிந்தது. கேள்வித்தாளில் அவளை ஆம்பளை என்று எழுதிக்கொடுத்த பெரியவர் கைகட்டி நின்றார்.

மைக்கக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. மகளிடமிருந்து செய்தி.

"எந்திரிச்சுட்டேன்மா. ஊரையே எழுப்பாத."

அதை இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால் ஜனங்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல். மைக்கக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைக் கிட்டே இழுத்தாள்.

"நன்றி. எல்லாரும் உக்காரலாம்" என்றாள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள்.